நாற்பத்தொரு சொற்கள்

12 பிப்ரவரி 1957, செவ்வாய்

ஹெல்ஸிங்கியில் காலையில் மைனஸ் இருபத்திரண்டு. டிராம் கதவு உறைந்துபோய்த் திறக்கவில்லை. நடந்தே அலுவலகம் போனேன். உள்ளே நுழைந்து கோட்டைக் கழற்றுவதற்குள் எங்கள் அகராதியின் தலைமை ஆசிரியர் டாக்டர் மன்னெலின் கூப்பிட்டனுப்பினார்.

அவர் மேசையில் அட்டைகள் விசிறிபோலப் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது: ஹீதஸல்மி படகுத்துறை எல்யாஸ் யுன்துனென். நான்கு வருடமாக நம் வட்டார அகராதிக்குச் சொல் அனுப்புகிறவர். நாங்கள் நாடெங்கும் கேள்வித்தாள் அனுப்புகிறோம், “இதை உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்” என்று. பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. இவர் முந்நூற்றுப் பத்து அட்டை அனுப்பியிருக்கிறார்.

“இதுல நாற்பத்தொண்ண மட்டும் எடுத்து வச்சிருக்கேன், ஸைமி. சுத்துவட்டாரத்துல நூறு கிலோமீட்டருக்கு வேற ஒருத்தர்கூட இதைச் சொல்லல.”

“தனி ஊர் டாக்டர், ஏரிக்கு அந்தப் பக்கம்...”

“நாட்டுச் சொல்லுன்னா கொஞ்சமாவது கோணல் இருக்கணும். தேஞ்சிருக்கணும், உடைஞ்சிருக்கணும். இது எல்லாம் அளவுகோல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. வினையை எடு, விகுதியை ஒட்டு, பெயர் ரெடி. மனுஷன் வீட்ல உக்காந்து செஞ்சிருக்காரு.”

ஒன்று பொய்யானால் முந்நூற்றுப் பத்தையும் எடுத்துவிடுவேன் என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் ஒருபோதும் உயர்த்துவதில்லை.

13 பிப்ரவரி

எண்ணிப் பார்த்தேன். இ, ய, க, ல எழுத்துத் தொகுதியில் இவருடைய சொற்கள் ஆறு ஏற்கெனவே அச்சுக் கோத்தாகிவிட்டன. ஆறு அட்டையிலும் சரிபார்த்ததாக என் கையொப்பம்.

16 பிப்ரவரி

எப்படிச் சரிபார்த்தேன்? நேர்மையாகச் சொன்னால் — பிடித்திருந்தது, கையெழுத்துப் போட்டேன்.

காத்தா என்றால் ஊற்று. அதிலிருந்து அவர் அனுப்பியது காதின், காப்பி ஊற்றும் கெட்டிலுக்கு. வினையில் அழுத்தமாக நிற்கும் ஒலி பெயரில் தளர்ந்துவிட்டது, தளர வேண்டிய இடத்தில். அவத்தா என்றால் திற. அவைன் என்றால் சாவி. இது எல்லோருக்கும் தெரிந்த பழைய சொல். காதின் அதே அச்சில் வார்த்தது. பிழையே இல்லை. பிழையில்லாததுதான் பிழை என்கிறார் மன்னெலின்.

எங்கள் மொழி இப்படித்தான். வாழ், அதிலிருந்து வாழ்வு: எலாமா. சாகு, அதிலிருந்து சாவு: குவோலெமா. இரண்டுக்கும் ஒரே விகுதி. பாடினால் பாட்டு, அழுதால் அழுகை, பெய்தால் மழை. ஒரு வேரும் பத்து விகுதியும் கையில் இருந்தால் யாரும் நாள் முழுக்கச் சொல் செய்யலாம். அப்படியிருக்க, செய்த சொல் எப்போது உண்மையான சொல் ஆகிறது? பதினோரு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவருக்குக் கடிதம் போட்டேன். இந்த நாற்பத்தொரு சொற்களையும் ஊரில் யார் யார் சொல்கிறார்கள் என்று பெயருடன் எழுதுங்கள் என்று.

27 பிப்ரவரி

பதில் வந்தது. தார் வாசனை அடிக்கும் அதே உறை. உள்ளே ஒரே வரி: “கேக்கணும்னா நேர்ல வாங்க.”

மன்னெலினிடம் நான்கு நாள் விடுப்புக் கேட்டேன். “விடுப்பு எதுக்கு? அலுவல் பயணம்னே போங்க. ஆனா உண்மையோட வாங்க, சமாதானத்தோட வராதீங்க” என்றார்.

5 மார்ச், செவ்வாய்

ஹீதஸல்மி. ஒரு பகல் ஒரு இரவு ரயில், பிறகு பால் ஏற்றும் வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில். ஏரி உறைந்து கிடக்கிறது. படகு கரையில் பனி மூடி நிற்கிறது. குளிர்காலத்தில் எல்யாஸுக்கு ஏரிமேல் பாதை போடுவதுதான் வேலை; வழி தெரிவதற்காக இருபுறமும் ஊசியிலை மரக் கிளைகளை நட்டுக்கொண்டு போகிறார். நான் இறங்கியபோதும் நட்டுக்கொண்டுதான் இருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. கையுறையைக் கழற்றாமலே கை கொடுத்தார்.

“நீங்கதான் ஸைமியா? வயசானவங்களா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நானும்தான்.”

“அப்ப ரெண்டு பேருக்கும் ஏமாத்தம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கிளையைக் குத்தினார்.

வீட்டில் அடுப்படியில் ஒருவர் வலை முடைந்துகொண்டிருந்தார். பெரிய உடம்பு, இடது காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு குழி. எல்யாஸின் தம்பி சாந்தெரி. என்னைப் பார்த்து எழுந்து நின்றார், சிரித்தார், பேசவில்லை. பார்லி ரொட்டியும் உப்பிட்ட ஏரிமீனும் வைத்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சாந்தெரி அடுப்பைக் காட்டி, “ஊத்தணும்... காதின் கொண்டா” என்றார். அண்ணன் எழுந்து கெட்டிலை எடுத்துவந்தார். எனக்காக நடிக்கவில்லை இருவரும். அப்படி ஒருவரும் நடிக்க முடியாது.

கப்பைப் பிடித்தபடியே இருந்தேன். காப்பி ஆறிப்போனது.

6 மார்ச்

இன்று எல்லாம் சொன்னார் எல்யாஸ். விறகுக் கொட்டகையில், தம்பி காதில் விழாத இடத்தில்.

1944 கோடையில் போர்முனையில் சாந்தெரியின் தலையில் குண்டுச் சிதறல். உயிர் தப்பியது, பெயர்கள் போய்விட்டன. நட, சாப்பிடு, தூங்கு, குளிருது — வினை எல்லாம் இருந்தன. கரண்டி, கதவு, அம்மா, ஏரி — ஒன்றும் இல்லை. பத்து மாதம் ராணுவ மருத்துவமனை. இனிமேல் கற்றுக்கொடுக்க முடியாது என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள்.

“ஆறு மாசம் வாயே தொறக்கல. ஒருநாள் நான் கிளம்பிக்கிட்டு இருக்கேன், இவன் கதவுகிட்ட நின்னு ‘தொற, தொற’ங்கறான். தொறந்துதான இருக்குன்னேன். அடிக்க வந்துட்டான். அப்புறம் அவனே நின்னு யோசிச்சு — ‘அவைன்’. சாவி! நான் சாவிய மேசையிலயே விட்டுட்டுப் போறேன், அதைத்தான் சொல்றான். அந்த வார்த்தை அவனுக்கு ஞாபகம் வரல. அவனே செஞ்சான். செஞ்சது சரியா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

அதிலிருந்து பிடித்துக்கொண்டார் சாந்தெரி. ஒரு பொருள் என்ன செய்கிறதோ, அந்த வினை. அதற்கு ஒரு வால். சில சமயம் உள்ள சொல்லிலேயே போய் முட்டிக்கொள்ளும். பல சமயம் இல்லாத சொல் பிறக்கும். வீட்டில் மூன்று பேரும் அதையே பேச ஆரம்பித்தார்கள். அம்மாவும் அப்போது இருந்தார்.

அம்மா என்ற சொல் மட்டும் எந்த வினையிலிருந்தும் வராது. அது வேர்ச் சொல். அதைப் பிரிக்க முடியாது. ஒரு மாதம் முயன்று கடைசியில் ‘ஸின்னுத்தாயா’ என்றாராம். பெற்றெடுத்தவள். பிரசவ வார்டில் எழுதிவைக்கும் சொல். மகன் வாயிலிருந்து அதைக் கேட்ட அம்மா எழுந்து நீராவிக் குளியலறையான சவுனாவின் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். பிறகு அடிக்கடி அங்கே போனார். சாந்தெரி அந்த முன்னறைக்கு ‘இத்கெமோ’ என்று பெயர் வைத்தார். அழும் இடம்.

“வேடிக்கை என்னன்னா, கொஞ்ச நாள்ல அம்மாவே, ‘என் துண்டு இத்கெமோவுல இருக்கு, எடுத்துட்டு வாடா’ம்பா. ஸின்னுத்தாயான்னு கூப்பிட்டா ‘என்னடா’ன்னு வருவா. 1950ல போய்ட்டா.”

இத்கெமோ. அந்த ஆறில் ஒன்று. ஐந்நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், வலது பத்தி.

ஏன் இதை முதலிலேயே எழுதவில்லை என்று கேட்டேன்.

“உங்க தாள்ல ‘உங்க ஊர்ல சொல்றாங்களா’ன்னு இருந்துச்சு. சொல்றாங்க, எழுதினேன். யாருன்னு எழுதியிருந்தா? மூளை கெட்டவன் ஒளறினதுன்னு குப்பையில போட்டிருப்பீங்க. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்.”

கையிலிருந்த குறிப்பேட்டை மூடினேன்.

“அவன் பேர எழுதக் கூடாது. அவன வச்சு வேடிக்கை காட்டக் கூடாது. இது ரெண்டும் இல்லன்னா எல்லா அட்டையையும் அடுப்புல போட்டுக்குங்க.”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் ‘உண்மையோட வாங்க’ என்று மன்னெலின் சொன்னது நினைவு வந்தது.

7 மார்ச்

பால் வண்டிக்காகக் கடையில் காத்திருந்தேன். வண்டி வந்ததும் ஓடினேன். கடைக்காரம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்.

“ஏம்மா! உங்க லாஹ்திமெத்த விட்டுட்டுப் போறீங்களே!”

என் கையுறை, கைப்பை, கழுத்துத்துணி. லாஹ்திமெத். கிளம்பு என்ற வினையிலிருந்து: கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை. நாற்பத்தொன்றில் ஒன்று.

“இந்த வார்த்தை எங்கேருந்து வந்தது?”

“எங்கேருந்து வரும்? கிளம்புறப்ப வேணுங்கற சாமானு. ஏன், ஹெல்ஸிங்கியில அதுக்குப் பேரே இல்லியா? பாவம்!”

சாந்தெரி யுன்துனெனைத் தெரியுமா என்று கேட்டேன். “அந்தப் பேசாத ஆளா? நல்லவரு. வருவாரு, விரல நீட்டுவாரு, வாங்கிக்கிட்டுப் போவாரு” என்றார்.

பேசாத ஆளாம். அவர் செய்து, அண்ணனோ தாயோ கடைவரை கொண்டுவந்த சொல்லை அவருக்கே தெரியாமல் இந்த அம்மா வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வண்டியில் ஏறியும் சிரிப்பு அடங்கவில்லை. ஓட்டுநர் ஒரு மாதிரி பார்த்தார்.

12 மார்ச்

அறிக்கை எழுத முடியவில்லை. ஆள் யார் என்று சொல்லாமல் எழுதினால் அது பொய். சொன்னால் வாக்குத் தவறியவள். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

எல்யாஸுக்கு எழுதினேன். கடையில் நடந்ததை அப்படியே எழுதி, அனுமதி கேட்டேன். சாந்தெரியிடமும் படித்துக் காட்டுங்கள் என்று கடைசியில் சேர்த்தேன். அண்ணனை மட்டும் கேட்பது ஏனோ சரியாகப் படவில்லை.

22 மார்ச்

இரண்டு உறைகள் ஒரே தபாலில்.

எல்யாஸ்: “முடியாது.”

இன்னொன்றில் எங்கள் அலுவலக அட்டை ஒன்று. பெரிய பெரிய எழுத்து, பென்சில். “எழுதுங்க. நான் சொன்னேன்.” கீழே கையொப்பம் இல்லை. சாந்தெரிக்குத் தன் பெயர் வரவில்லை போலிருக்கிறது. வினை இரண்டே போதுமாக இருந்தது.

25 மார்ச், திங்கள்

அறிக்கையைக் கொடுத்தேன். பதினாலு பக்கம். மன்னெலின் எனக்கெதிரிலேயே படித்தார். நான் ஜன்னல் வழியே கூரைப் பனி சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் சொன்னது தப்பு. செஞ்ச சொல்லுன்னது சரி. பொய்ன்னது தப்பு.”

பிறகு ஒவ்வொன்றாகப் பேசினோம். மற்ற இருநூற்று அறுபத்தொன்பது அட்டையும் நிற்கும். நாற்பத்தொன்றில் லாஹ்திமெத் நிற்கும், ஏனென்றால் அது வீட்டைத் தாண்டிக் கடைக்குப் போய்விட்டது. மீதி நாற்பதும் போகும். இத்கெமோவுக்காக வாதாடினேன். மூன்று பேர் ஐந்து வருடம் புழங்கிய சொல், அதில் ஒருவர் இறந்தும்விட்டார் என்றேன்.

“ஒரு வீட்டுச் சொல்லு, ஸைமி. அதுக்கு அந்த வீடுதான் அகராதி.”

கோபம் வந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதனாலும் கோபம்.

நானே சிவப்பு மையில் அடித்தேன். ஐந்நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.

9 ஏப்ரல்

மன்னெலின் வேறொரு விஷயம் சொன்னார். தலையில் காயம்பட்ட சிப்பாய்களுக்கான மருத்துவமனையில் டாக்டர் ஸ்தேனியுஸ் என்றொரு அம்மா, அவருக்குத் தெரிந்தவர். என் அறிக்கையை, பெயரை மறைத்து, அவரிடம் காட்டலாமா?

இப்போதெல்லாம் உடனே சரி சொல்வதில்லை நான். ஹீதஸல்மிக்கு எழுதிக் கேட்டேன், உறையின் மேலே இருவர் பெயரையும் போட்டு.

30 ஏப்ரல்

காட்டச் சம்மதம் வந்தது. டாக்டர் ஸ்தேனியுஸ் இன்று என்னையே வரச் சொன்னார். ஸ்வீடிஷ் வீட்டில் வளர்ந்தவர்; எங்கள் மொழியை ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் பார்த்துப் பேசுகிறார்.

“எங்கிட்ட அஞ்சு பேர் இருக்காங்க, இதே மாதிரி. நாங்க பொருளைக் காட்டிப் பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் குடுக்கறோம். பன்னெண்டு வருஷமா. காலையில வரும், சாயங்காலம் போயிடும். இவரு வேற வழியா உள்ளே போயிருக்காரு. இவரை நான் பாக்கணும்.”

14 மே

சாந்தெரியை டாக்டரிடம் அனுப்பக் கேட்டு எழுதியதற்கு எல்யாஸிடமிருந்து நான்கு பக்கம். இவ்வளவு நீளமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

“அவன ஒரு தடவ பட்டாளத்துக்குக் குடுத்தேன். பேச்சில்லாம திருப்பிக் குடுத்தாங்க. இங்க அவனுக்கு வலை இருக்கு, படகு இருக்கு, என்னோட பேசுறான். அங்க வந்து வெள்ளைக் கோட்டுக்காரங்க முன்னாடி கரண்டிக்குப் பேர் சொல்லி எதைச் சம்பாதிக்கப் போறான்? நீங்க நல்லவங்க. ஆனா உங்களுக்கு வார்த்தை மேலதான் ஆசை, மனுஷன் மேல இல்ல.”

கடைசி வரியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அது உண்மையா? பிப்ரவரியில் உண்மையாக இருந்தது.

பதிலில் வற்புறுத்தவில்லை. அந்த ஐந்து பேரைப் பற்றி மட்டும் எழுதினேன்.

3 ஜூன்

ஏரி திறந்துவிட்டதாம். படகு ஓடுகிறது. எல்யாஸ் எழுதியது இவ்வளவுதான். கீழே பென்சிலில், சாந்தெரியின் பெரிய எழுத்தில்: “போறேன்.”

10 செப்டம்பர், செவ்வாய்

ஹெல்ஸிங்கி நிலையம். தீவனப்புல் அறுப்பு முடிந்துதான் வந்தார்கள். எல்யாஸ் திரும்பும் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மூவரும் நிலையத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். சாந்தெரி கோட்டுப் பொத்தானை எல்லாம் கழுத்துவரை போட்டுக்கொண்டு, டிராம்களைப் பார்த்து, “என்னமா கத்துது!” என்று சிரித்தார்.

கிளம்பும்போது எல்யாஸ் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். “டேய், சாப்பாடு புடிக்கலன்னா எழுது. வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“போடா” என்றார் சாந்தெரி.

ரயில் போன பிறகும் நடைமேடையிலேயே நின்றார். நானும் நின்றேன். என் அண்ணன் 1941-இல் இதே நிலையத்திலிருந்துதான் போருக்குப் போனான். அதைச் சாந்தெரியிடம் சொன்னேன், ஏனென்று தெரியவில்லை. “வரல?” என்றார். வரவில்லை என்றேன். தலையை ஆட்டினார்.

1 அக்டோபர்

செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவமனைக்குப் போகிறேன்; மன்னெலின் நேரம் ஒதுக்கித் தந்தார். வினைகளை ஒரு பக்கமும் விகுதிகளை ஒரு பக்கமும் எழுதிப் பட்டியல் செய்துகொண்டு போனேன். கருவிக்கு ஒரு வால், ஆளுக்கு ஒரு வால், இடத்துக்கு ஒரு வால். அழகான பட்டியல். ஐந்து பேரும் அதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தேவாலயத்தில் அறிவிப்பைப் பார்ப்பதுபோல. ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை.

15 அக்டோபர்

மோசம். சாந்தெரி மட்டும் என் பட்டியலை எடுத்துத் திருப்பி வெறும் பக்கத்தைக் காட்டினார்.

கேலியா, யோசனையா?

22 அக்டோபர்

யோசனைதான். இன்று பட்டியல் இல்லை. சாந்தெரி அவர்கள் மேசையிலேயே போய் உட்கார்ந்தார். தீப்பெட்டியை எடுத்து நடுவில் வைத்தார். “இது என்ன பண்ணும்?” யாரும் பேசவில்லை. கொளுத்திக் காட்டினார். அணைந்தது. இன்னொன்று கொளுத்தினார். நான்காவது குச்சியில் ஒருவர், “கொளுத்தும்!” என்று கத்தினார், எரிச்சலில். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரம், தலையணை என்ன பண்ணும், செருப்பு என்ன பண்ணும் என்று. பாதிச் சொல் அகராதியில் கிடையாது. ஒன்றிரண்டு கொஞ்சம் கெட்ட வார்த்தை. டாக்டர் ஸ்தேனியுஸ் அதையும் எழுதிக்கொண்டார், அர்த்தம் புரியாமல்.

5 நவம்பர்

எல்யாஸ் எழுதியிருக்கிறார்: ஏரி உறையத் தொடங்கிவிட்டது, வீட்டில் பேச ஆளில்லை, ரேடியோவோடு பேசுகிறேன், கிறிஸ்துமஸுக்காவது அனுப்புவீர்களா? சாந்தெரியிடம் படித்துக் காட்டினேன். “போவேன். வருவேன்” என்றார்.

அந்த வீட்டில் எல்யாஸ் தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதில் என் பங்கும் இருக்கிறது. பனிப்பாதை போடும் நாட்களில் நான் வந்து கிளை எடுத்துக் கொடுக்கட்டுமா என்று எழுதினேன். அலுவல் பயணம் என்று இந்த முறை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

19 நவம்பர், செவ்வாய்

அந்த ஐவரில் ஆர்வி என்று ஒருவர். மர அறுவை ஆலையில் இருந்தவர். நான் போன நாளிலிருந்து ஒரு சொல்லும் பேசியதில்லை. இன்று சாந்தெரி அவர் கையைப் பிடித்து, தழும்பேறிய உள்ளங்கையைத் திருப்பி, “நீ என்ன பண்ணுவ?” என்று கேட்டார். அவசரப்படவில்லை. காப்பி வந்து, குடித்து முடித்து, கப்பை எடுத்துப் போனபிறகு ஆர்வி சொன்னார்: “அறுப்பேன்.” கொஞ்சம் கழித்து, தானாகவே: “ஸஹாயா.” அறுப்பவன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு தன்னைத்தானே ஒரு பெயரால் சொல்லிக்கொண்டார். திரும்பத் திரும்பச் சொன்னார். நர்ஸ் ஒருவர் கதவருகில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டாக்டர் ஸ்தேனியுஸ் பதிவேட்டைத் திறந்தார். சாந்தெரி யுன்துனென் என்ற பெயருக்கு எதிரே ‘நோயாளி’ என்று இருந்தது. அதைப் பேனாவால் அடித்தார். அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன எழுதட்டும்? ஆசிரியர்னு போட முடியாது, சான்றிதழ் கேப்பாங்க. உதவியாளர்னு போட மனசு வரல.”

நான் யோசிப்பதற்குள் சாந்தெரி மேசைமேல் சாய்ந்து, காலியிடத்தில் விரலை வைத்தார்.

“பேச வைக்கிறேன்” என்றார். உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. “புஹுத்தயா.”

பேச வைப்பவர். டாக்டர் எழுத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, “இப்படி ஒரு சொல் இருக்கா?” என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.